வாய் எரிகிறது, புண் எதுவும் இல்லை: எந்த வழியை முதலில் எடுப்பது?

அம்மா முதலில் சொன்னது, "காபியைச் சூடாக் குடிச்சுட்டேன் போல, நாக்கு வெந்துபோய்க் கிடக்கு" என்றுதான். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். ஒரு வாரம் ஒரு மாதமானது. நாக்கு நுனி, அப்புறம் மேல் அண்ணத்தின் முன்பக்கம், கீழுதட்டின் உட்புறம் என்று காந்தல் ஒவ்வொரு இடமாகப் பிடித்துக்கொண்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் நாக்கு எப்போதும்போலத்தான் இருந்தது. புண் இல்லை, சிவப்பு இல்லை, வெள்ளைப் படலம் இல்லை. "ஒண்ணுமே இல்லையேம்மா" என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம்தான் வந்தது. ஒன்றுமில்லாமலா எரியும்?

அப்படியும் எரியும். பர்னிங் மவுத் சின்ட்ரோம் என்று மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் 'எரிவாய் நோய்' என்று சொல்லிக்கொள்ளலாம். சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் அதற்கு இலக்கணம் இருக்கிறது: நாள்தோறும் 2 மணி நேரத்துக்கு மேல், 3 மாதங்களுக்கு மேல், பார்வைக்குத் தெரியும் கோளாறு எதுவும் இல்லாமல் வாய்க்குள் எரிச்சல் இருக்க வேண்டும். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருகிறது. ஆண்களுக்கும் வரும், ஆனால் குறைவு. 1999-ல் வெளியான ஒரு சுவீடன் ஆய்வில் பெண்களில் 5.5 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 1.6 சதவீதம் பேருக்கும் நீண்டகால வாய் எரிச்சல் இருந்தது. இத்தனை பேருக்கு இருக்கும் ஒன்றை நாங்கள் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

நான் மருத்துவர் இல்லை. 58 வயது அம்மாவை ஒன்றரை வருடம் கூட்டிக்கொண்டு அலைந்த மகள், அவ்வளவுதான். எங்கள் முன் வந்து விழுந்த யோசனைகள் ஏராளம்: வைட்டமின் மாத்திரை, நரம்பு மாத்திரை, தூக்க மாத்திரை, லேசர், மனநல ஆலோசனை, மணத்தக்காளிக் கீரை. எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று முடிவு செய்வதற்குள் தலை சுற்றிவிட்டது. அந்தத் தேர்வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு எரிச்சல்கள்

மருந்துகளை ஒப்பிடுவதற்கு முன்பு எரிச்சலை எரிச்சலோடு ஒப்பிட வேண்டும். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். மருந்தில் ஆரம்பித்து, ஆறு மாதம் கழித்துத்தான் காரணத்துக்கு வந்தோம்.

எரிவாய் நோயின் எரிச்சலுக்கு ஒரு சுபாவம் உண்டு. பலருக்குக் காலையில் எழும்போது குறைவாகவோ இல்லாமலோ இருக்கும், பொழுது ஏற ஏற எரிச்சலும் ஏறும், மாலையில் உச்சத்துக்குப் போகும். ஆனாலும் இரவுத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுவது அரிது. வாயின் இரு பக்கமும் ஒரேபோல எரியும். எச்சில் ஊறினாலும் வாய் வறண்டதுபோலத் தோன்றும். கசப்போ, இரும்பை நக்கியதுபோன்ற சுவையோ சும்மாவே இருந்துகொண்டிருக்கும். எங்களுக்கு வியப்பாக இருந்தது ஒன்றுதான்: சாப்பிடும்போது பலருக்கு எரிச்சல் தணிகிறது. அம்மா சாப்பாட்டு நேரத்துக்காகக் காத்திருப்பார். நடுவில் சும்மா ஒரு கற்கண்டைப் போட்டுக்கொள்வார். சர்க்கரைக்காரர் கற்கண்டு சாப்பிடலாமா என்று நாங்கள் சண்டை போட்டதெல்லாம் தனிக் கதை.

இதற்கு நேர் எதிரான எரிச்சல் ஒன்று நம் ஊரில் அதிகம். பாக்கு, பான் மசாலா, குட்கா போடுகிறவர்களுக்கு வருவது. ரசம் பட்டாலே வாய் பற்றி எரியும். சாப்பிடாமல் இருந்தால் பரவாயில்லை. நாளாக நாளாகக் கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, நார்போல இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் எனப்படும் இந்த நோய் புற்றுநோயாக மாறக்கூடியது. எரிவாய் நோய் அப்படி மாறுவதில்லை. எனவே பாக்குப் பழக்கம் உள்ளவர் "எனக்கும் அதே எரிவாய்தான்" என்று முடிவு செய்துகொண்டு உட்காரக் கூடாது. மூன்று விரலை மேலும் கீழுமாக அடுக்கி வாய்க்குள் விட முடிகிறதா என்று பார்த்துவிட்டு, முடிந்தாலும் முடியாவிட்டாலும் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எரிச்சல் ஒரே பக்கம் மட்டும் இருந்தாலும், மரத்துப்போனாலும், இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ இருந்தாலும், விழுங்குவது சிரமமானாலும், இதற்கு மேல் படித்துக்கொண்டிருக்காமல் முதலில் கிளம்புங்கள்.

அடுத்த ஒப்பீடு இரத்தப் பரிசோதனைக்கும் சும்மா மாத்திரை வாங்கிப் போடுவதற்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பரிசோதனைதான். இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம், துத்தநாகம் ஆகியவை குறைந்தாலும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும், தைராய்டு குறைந்தாலும் வாய் எரியலாம். அதைத் திருத்தினால் எரிச்சல் போகவும் வாய்ப்பு உண்டு. பூஞ்சைத் தொற்றும் காரணமாகலாம், பல்செட் போட்டிருப்பவர்களுக்கும் ஆஸ்துமா இன்ஹேலர் எடுப்பவர்களுக்கும் கூடுதலாக. வெள்ளைப் படலம் இல்லாமல் வெறும் சிவப்பாகவும் அது வரும். பல்செட்டின் அக்ரிலிக் ஒவ்வாமல் போவதும், செட் சரியாகப் பொருந்தாமல் உரசுவதும் உண்டு. எனலாப்ரில், லிசினோப்ரில் வகை இரத்த அழுத்த மாத்திரைகளும் வாய் எரிச்சலைத் தரக்கூடியவை. இதைப் படித்துவிட்டு பிபி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பி12 பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் உடல் பி12-ஐ உறிஞ்சுவது குறைகிறது. வயிற்று எரிச்சலுக்கு நம் வீடுகளில் வருடக்கணக்கில் விழுங்கும் பேன்டபிரசோல், ஒமிபிரசோல் மாத்திரைகளும் அதைத்தான் செய்கின்றன. முட்டை, மீன், இறைச்சி சாப்பிடாதவர் என்றால் கேட்கவே வேண்டாம். அம்மா ஒன்பது வருடமாக மெட்ஃபார்மின், நாலு வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் பேன்டபிரசோல், வாழ்நாள் முழுக்கச் சைவம். பி12 அளவு 168 என்று வந்தது. 200-க்குக் கீழே போனால் குறைபாடு. இது தெரிவதற்கு முந்தைய ஆறு மாதமும் அவருக்குக் கிடைத்தது மூன்று வகை மவுத்வாஷ்.

பேன்டபிரசோல் போடுகிறவர் என்பதாலேயே இரைப்பை அமிலம் மேலேறுவதையும் விசாரிக்க வேண்டும். நெஞ்செரிச்சல், காலையில் புளித்த ஏப்பம் இருந்தால் வாய் எரிச்சலுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அம்மாவுக்கு அது இல்லை. மாத்திரை மட்டும் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

யாரிடம் போவது?

நாங்கள் போன வரிசை: குடும்ப மருத்துவர், பல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், குடல் இரைப்பை மருத்துவர், மறுபடியும் வேறொரு பல் மருத்துவர். அவரவர் துறையில் எல்லாமே நன்றாக இருந்தது. எண்டோஸ்கோபிகூடச் செய்தாயிற்று. ஒருவர் ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டார், அந்தப் பல் உரசுகிறது என்று. காந்தல் அப்படியே இருந்தது, பல்தான் இல்லை.

பல் மருத்துவத்துக்குள்ளேயே 'வாய் மருத்துவம், கதிரியக்கவியல்' என்று தனிப் பட்டமேற்படிப்பு இருப்பது எங்களுக்குத் தெரியாது. ஓரல் மெடிசின் என்று கேட்டால் சொல்வார்கள். பல்லை அடைப்பது, பிடுங்குவது இல்லாமல் வாயின் சதை, நாக்கு, எச்சில், நரம்பு வலி ஆகியவற்றைப் பார்க்கிற துறை. தனி கிளினிக் வைத்திருப்பவர்கள் குறைவு. பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டாயம் இந்தத் துறை இருக்கும், புறநோயாளியாகப் போய்ப் பார்க்கலாம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அப்படித்தான். மாணவர்கள் நாலு பேர் சுற்றி நின்று ஒரே கேள்வியை நாலு தடவை கேட்பார்கள், அதைப் பொறுத்துக்கொண்டால் போதும். தனியார் ஸ்பெஷலிஸ்ட் பத்து நிமிடத்தில் முடிப்பதை இங்கே ஒன்றரை மணி நேரம் பார்ப்பார்கள். இந்த நோய்க்கு அந்த ஒன்றரை மணி நேரம் தேவைப்படுகிறது, ஏனென்றால் விஷயம் முழுக்கக் கேட்பதில்தான் இருக்கிறது.

நரம்பியல் மருத்துவர் இரண்டாவது தேர்வு. எரிச்சல் ஒரு பக்கமாக இருந்தால் அவரே முதல் தேர்வு. நாலு துறை பார்த்து நாலும் "நார்மல்" என்று வந்தபின் ஐந்தாவது துறைக்குப் போவதைவிட, பரிசோதனைச் சீட்டுகளை எல்லாம் ஒரே கோப்பில் போட்டு வாய் மருத்துவத் துறைக்குக் கொண்டுபோவது மேல்.

இங்கே ஒரு சின்ன மொழிச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் எரிச்சல் வாய்க்கும் வரும், மனசுக்கும் வரும். ஒரு மருத்துவர் "அடிக்கடி எரிச்சல் வருதாம்மா?" என்று கேட்க, "எப்பவும் எரிச்சல்தான், சாயங்காலமானா தாங்க முடியலை" என்று அம்மா வெள்ளந்தியாகச் சொல்ல, சீட்டில் மனப்பதற்றம் என்று எழுதிவிட்டார். அதற்கப்புறம் அம்மா எல்லா இடத்திலும் 'காந்தல்' என்றே சொன்னார். நல்ல வார்த்தை, குழப்பம் வராது.

மருந்துகள்: யாருக்கும் முழு வெற்றி இல்லை

காரணங்களையெல்லாம் களைந்தபின்னும் எரிச்சல் மிஞ்சினால்தான் அது அசல் எரிவாய் நோய். அம்மாவுக்கு பி12 ஊசி போட்டு, அளவு சரியான மூன்று மாதத்தில் காந்தல் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி நின்றுவிட்டது.

அந்த மீதிக்கு என்ன காரணம்? 2005-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளின் நாக்கிலிருந்து துளிச் சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மேல்தோலில் இருக்க வேண்டிய மெல்லிய நரம்பிழைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் எரிவதுபோல ஒரு சங்கதி நாக்கில் நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அதாவது "மனப்பிரமை" இல்லை. அம்மாவுக்கு மாத்திரையைவிட இந்தச் செய்திதான் முதலில் நிம்மதி தந்தது. சுவை நரம்பு பலவீனமாகும்போது அது அடக்கி வைத்திருந்த வலி நரம்பு கட்டவிழ்ந்து எரிகிறது என்ற விளக்கமும் உண்டு. எல்லாருக்கும் கோளாறு நாக்கின் நரம்பிலேயே இருக்கும் என்றும் இல்லை. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2010-ல் நாக்கு நரம்பை மரக்கச் செய்து பார்த்தபோது, சிலருக்கு எரிச்சல் அடங்கியது, சிலருக்கு அடங்கவே இல்லை. அடங்காதவர்களுக்குச் சிக்கல் மூளைப் பக்கம். ஒரே மாத்திரை பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கேட்டு நமக்குக் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது மருந்துகளின் யோக்கியதை. உலகெங்கும் நடந்த சோதனைகளை அலசும் காக்ரேன் அமைப்பு 2016-ல் 23 சோதனைகளை, 1,121 பேரைக் கணக்கில் எடுத்து ஓர் அறிக்கை தந்தது. எந்தச் சிகிச்சையையும் உறுதியாகப் பரிந்துரைக்கவோ தள்ளவோ போதிய ஆதாரம் இல்லை என்பதே சாரம். இன்னொரு தொல்லை, போலி மாத்திரையும் (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) இந்த நோயில் நன்றாக வேலை செய்கிறது. 2014-ல் வந்த ஒரு மீளாய்வின்படி, அசல் மருந்து தந்த பலனில் 72 சதவீத அளவு போலி மாத்திரையிலேயே கிடைத்திருந்தது. "எனக்கு இது கேட்டுச்சு" என்று யார் சொன்னாலும் அதைக் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், நான் சொல்வதையும் சேர்த்து.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் மெலிந்திருக்கும்போது, எது அதிகம் கேட்கும் என்று தேடுவது வீண். எது கேட்காவிட்டால் சீக்கிரம் தெரியும், கேட்காவிட்டால் எது நம்மைக் குறைவாகக் கெடுக்கும் என்று பார்த்து நாங்கள் வரிசை போட்டோம்.

அந்தக் கணக்கில் முதலில் வந்தது க்ளோனாசெபம், அதுவும் விழுங்காமல். இது வலிப்புக்கும் பதற்றத்துக்கும் தருகிற மாத்திரை. 2004-ல் வெளியான பிரெஞ்சுச் சோதனையில் 48 பேர் கலந்துகொண்டார்கள். 1 மில்லிகிராம் மாத்திரையைச் சப்பி, ஊறும் எச்சிலை எரியும் இடத்தில் 3 நிமிடம் வைத்திருந்து துப்பிவிட வேண்டும். நாளுக்கு மூன்று வேளை, 14 நாள். போலி மாத்திரையை விட இதில் எரிச்சல் தெளிவாகக் குறைந்தது. இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும் என்பதுதான் எனக்குப் பிடித்தது. துப்பினாலும் கொஞ்சம் இரத்தத்தில் சேரத்தான் செய்யும், தூக்கம் தள்ளும், ஆனால் விழுங்குவதைவிடக் குறைவு. விழுங்கும்போதுதான் வயதானவர்களுக்கு ஆபத்து: தள்ளாடி விழுவது, மறதி, பழகிப்போய் விட முடியாமல் ஆவது. ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர், குறட்டையோடு மூச்சுத் திணறல் உள்ளவர், இரவில் மூன்று தடவை பாத்ரூமுக்கு எழுந்து போகிறவர் இதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சீட்டு இல்லாமல் வாங்கவும் கூடாது, நீண்ட நாள் எடுத்தபின் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மருந்துக் கடையில் நாக்கில் வைத்ததும் கரைந்துபோகும் வகை கிடைக்கும். அது பொசுக்கென்று கரைந்துவிடுவதால் எச்சிலை விழுங்காமல் பிடித்துவைக்கப் பயிற்சி வேண்டும். அம்மா முதல் நாள் பழக்கதோஷத்தில் விழுங்கிவிட்டு மத்தியானம் வரை தூங்கினார்.

ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் எங்கள் ஊர்ச் சீட்டுகளில் அதிகம் வருகிறது, ஏனென்றால் சர்க்கரைக்காரரின் பாத எரிச்சலுக்கு விற்கும் கேப்சூல்களில் இது இருக்கிறது. 2002-ல் 60 பேரை வைத்து நடந்த இத்தாலியச் சோதனையில், நாளுக்கு 600 மில்லிகிராம் என்று இரண்டு மாதம் கொடுத்ததில் அருமையான பலன் என்று வந்தது. அப்புறம் 2009-ல் மூன்று தனித்தனிச் சோதனைகள் வந்தன. மூன்றிலும் போலி மாத்திரைக்கும் இதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பெரிய கெடுதல் செய்யாது, சிலருக்கு நெஞ்செரியும், சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை கொஞ்சம் இறங்கலாம். ஆனால் இரண்டு மாதம் காத்திருந்துதான் முடிவு தெரியும், செலவும் உண்டு. கேப்சூலை வாங்கினால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பல கூட்டு மருந்துகளில் பி6 சேர்த்திருக்கிறார்கள். பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கைகால் எரிச்சலைக் கொண்டுவரும். எரிச்சலுக்கு மருந்து சாப்பிட்டு எரிச்சலை வாங்கிக்கொள்வது என்பது இதுதான். நான் இதை இரண்டாவது இடத்தில்கூட வைக்க மாட்டேன்.

அமிட்ரிப்டிலின், கபாபென்டின், ப்ரீகாபலின் ஆகியவை நரம்பு வலிக்கான பெரிய ஆயுதங்கள். இரவில் தூக்கமே இல்லை, உடம்பில் வேறு இடத்திலும் நரம்பு வலி இருக்கிறது என்பவர்களுக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழலாம். ஆனால் அமிட்ரிப்டிலின் வாயை வறட்டும், ஏற்கெனவே வறட்சியாக உணர்கிறவருக்கு அது எரிகிற கொள்ளியில் எண்ணெய். கண் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம். கபாபென்டினும் ப்ரீகாபலினும் தலைசுற்றல், கால் வீக்கம் தரலாம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். லிப்போயிக் அமிலத்தோடு கபாபென்டினைச் சேர்த்துக் கொடுத்து நல்ல பலன் கண்ட 2011-ம் ஆண்டுச் சோதனை ஒன்று உண்டு. இருந்தாலும் துப்புகிற மாத்திரைக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்காமல் நேராக இவற்றுக்குப் போக எனக்கு மனம் வராது.

மிளகாய்க்கு வருவோம். காரத்துக்குக் காரணமான கேப்சைசின், எரிச்சலை உணர்கிற அதே நரம்பு வாங்கியைத் திரும்பத் திரும்பத் தட்டி ஓயவைக்கிறது. மிகக் குறைந்த செறிவில் கொப்பளித்து வாய் எரிச்சலுக்குப் பலன் கண்ட சோதனைகள் உண்டு. கேப்சூலாக விழுங்கக் கொடுத்ததில் மூன்றில் ஒருவருக்கு வயிற்று வலி வந்ததால் அந்த வழி வேண்டாம். கொப்பளிக்கும் வழியிலும் முதல் சில நாள் எரிச்சல் கூடித்தான் குறையும். இதைக் கேட்டுவிட்டு வீட்டில் மிளகாய்த்தூளைக் கரைத்துக் கொப்பளிக்க வேண்டாம். குண்டூர் மிளகாயும் காஷ்மீர் மிளகாயும் ஒரே காரமா? செறிவு தெரியாத மருந்து மருந்தாகாது. அம்மாவிடம் சொன்னபோது, "இதுக்குத்தானாடி ஒரு வருஷமா உப்பும் தயிருமா சாப்பிட்டேன்?" என்றார். அத்தோடு அந்த வழி முடிந்தது.

விழுங்காத வழிகள்

மன நல வழியை அம்மா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பைத்தியம் என்று சொல்கிறோம் என்று நினைத்தார். இதை எப்படிச் சொல்வது என்பதில்தான் பாதி வேலை. நரம்பு உண்மையாகவே கெட்டிருக்கிறது, ஆனால் "புற்றுநோயாக இருக்குமோ" என்று இரவெல்லாம் நாக்கைத் துழாவிக்கொண்டிருந்தால் அந்த நரம்பு இன்னும் சத்தம் போடும், கவனத்தைத் திருப்பக் கற்றுக்கொண்டால் சத்தம் குறையும் என்று வாய் மருத்துவத் துறை மருத்துவர் சொன்ன விதம் அவருக்குப் பிடித்தது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் இந்த முறைக்கு 1995-ல் சுவீடனில் ஒரு சோதனை நடந்தது. வேறு எதற்கும் மசியாத 30 பேர், வாரம் ஒரு மணி நேரம், 12 முதல் 15 வாரம். சிகிச்சை பெற்றவர்களுக்கு எரிச்சல் குறைந்தது, ஆறு மாதம் கழித்தும் பலன் நின்றது. மாத்திரைகளில் பலவற்றுக்கு இப்படி நிற்கிற பலன் கிடையாது. பக்கவிளைவும் இல்லை. எனக்குப் பட்டவரை ஆதாரத்தில் இது க்ளோனாசெபத்துக்குச் சமம், ஆபத்தோ அதைவிடக் குறைவு. பிறகு ஏன் முதலிடம் தரவில்லை? தமிழில் பொறுமையாக, வலிக்கென்று இதைச் செய்யத் தெரிந்தவர் கிடைக்க வேண்டுமே. சென்னை, கோவை, மதுரை என்றால் தேடலாம். சின்ன ஊரில் இருப்பவருக்கு வாரம் ஒரு நாள் பஸ் ஏறி இறங்குவதே தனி நோய். ஆன்லைனில் கிடைத்தால் மருந்தோடு சேர்த்தே ஆரம்பித்துவிடுங்கள், இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது.

லேசர் பற்றிச் சுருக்கமாக: குறைந்த சக்தி லேசரை நாக்கில் காட்டுவது வலிக்காது, புண்ணாக்காது, சில சோதனைகளில் பலனும் தெரிகிறது. எந்த அலைநீளம், எத்தனை தடவை என்பதில் ஆளுக்கொரு கணக்கு. ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனியாகப் பணம் கட்டலாம் என்றால் முயன்று பார்க்கலாம். பத்து சிட்டிங் பேக்கேஜ், முன்பணம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நாங்கள் வந்தோம்.

தொண்டை வலிக்குக் கொப்பளிக்கத் தரும் பென்சிடமைன் மவுத்வாஷையும் சொல்ல வேண்டும், அம்மாவுக்குக் கிடைத்த மூன்றில் அது ஒன்று. எரிவாய் நோய்க்கு அது பலன் தரவில்லை என்று 1999-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் காந்தலைக் கூட்டவே செய்யும்.

வீட்டு வழிகளில் எனக்கு மரியாதை உண்டு, அளவோடு. நுரை வருவதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத, புதினா லவங்கப் பட்டை நெடி இல்லாத பற்பசைக்கு மாறியது அம்மாவுக்கு உதவியது. செலவும் அதே செலவுதான். ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள்வது, சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்வது (கற்கண்டுச் சண்டை இதில்தான் தீர்ந்தது), வெந்நீர் போன்ற காபியை ஆற்றிக் குடிப்பது எல்லாம் அந்தந்த நேரத்துக்குத் தணிக்கும். நாக்கைப் பல்லில் தேய்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, கவனித்து நிறுத்தினாலே கொஞ்சம் குறையும். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் புண்ணுக்கு. புண்ணே இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை? சாப்பிட நன்றாக இருக்கும், சாப்பிடுங்கள். "உடம்புச் சூடு" என்று வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல் போட்டதில் அம்மாவுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

கடைசியாக, ஒன்றுமே செய்யாமல் காத்திருப்பதும் ஒரு தேர்வுதான். உயிருக்கு ஆபத்தில்லாத நோய், லேசாக இருந்தால் காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் தானாகப் போய்விடும் என்ற நம்பிக்கையில் காத்திருக்க வேண்டாம். 2006-ல் வெளியான இத்தாலிய ஆய்வில் 53 பேரைச் சராசரியாக நாலரை ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். மருந்தில்லாமல் தானாக முழுதும் குணமானவர்கள் இரண்டே பேர்.

அம்மா இப்போது துப்புகிற மாத்திரையில் இருக்கிறார், மருத்துவர் மூன்று வேளையை ஒரு வேளையாக்கிவிட்டார். பத்துக்கு எட்டாக இருந்த காந்தல் மூன்றில் நிற்கிறது. சில நாள் ஐந்துக்கு ஏறும், அன்று யாரும் அவரிடம் வாய் கொடுக்க மாட்டோம். சாயங்காலம் சீரியலில் விளம்பரம் வந்ததும் மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வார், விளம்பரம் முடியும்போது எழுந்துபோய்த் துப்பிவிட்டு வருவார். மூன்று நிமிடத்துக்குக் கடிகாரம் தேவையில்லை என்கிறார். அந்த நேரம் பார்த்துத்தான் என் மகன், "பாட்டி, ஃபோன் எடுத்துக்கவா?" என்று கேட்பான். வாயில் எச்சிலை அடக்கிக்கொண்டு அவர் "ம்ம்" என்பார். அது வேண்டாம் என்று அர்த்தமாம். அவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான்.